பசி அடங்கிய பிறகும் கை ஏன் நிற்பதில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்பவருக்கு 29 வயது, ஐடி வேலை, ஒரு குழந்தை. பகலெல்லாம் டயட்டில் இருக்கிறார். இரவில் வீடு அடங்கியதும் சமையலறையில் நின்றபடியே மீந்த சாதம், மிக்சர், பிஸ்கட், குழந்தைக்கு வாங்கி வைத்த சாக்லேட் என்று வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறார். வாரத்துக்கு மூன்று இரவு, ஐந்து மாதமாக. வாந்தி எடுப்பதில்லை. தைராய்டு பார்த்தாயிற்று, நார்மல். “இது நோயா, இல்லை எனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லையா? எந்த டெஸ்டில் தெரியும்?” என்கிறார்.

டெஸ்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எந்த ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் இது தெரியாது. பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாயைக் கட்டத் தெரியவில்லையா என்றால், நீங்கள் எழுதியதையே திரும்பப் படித்துப் பாருங்கள். காலை கிரீன் டீ, மதியம் ஒரு கிண்ணம் சாலட், மாலை எதுவும் இல்லை. இதைவிட யாரும் வாயைக் கட்ட முடியாது. சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

நீங்கள் விவரிப்பதற்கு மருத்துவத்தில் பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் என்று பெயர். தமிழில் மிகையுண்ணல் கோளாறு என்று எழுதுகிறார்கள். சிலர் பெருந்தீனி நோய் என்கிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை. பெருந்தீனி என்பது ஏற்கெனவே வசைச்சொல். அதன் வாலில் நோய் என்று ஒட்டினால் வசை போய்விடுமா? இங்கே பிஞ்ச் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பிஞ்ச் என்பது அதிகப் பசி அல்ல. மணிமேகலையில் காயசண்டிகைக்கு முனிவர் சாபத்தால் யானைத்தீ என்ற நோய் வரும். எவ்வளவு உண்டாலும் பசி அடங்காது. அது பசியின் நோய். பிஞ்ச் பசியில் தொடங்கலாம், பசியே இல்லாமலும் தொடங்கலாம். பசி அடங்கிவிட்டது, வயிறு முட்டிவிட்டது, ருசிகூடத் தெரியவில்லை, ஆனாலும் கை அடுத்த டப்பாவைத் திறக்கிறது. “சாப்பிடுவது நான்தான், நிறுத்துகிறவர் யாரும் அங்கே இல்லை” என்கிற மாதிரிதான் இதை அனுபவித்தவர்கள் சொல்வார்கள். அந்தக் கைவிட்டுப்போன உணர்வு இல்லையென்றால், எவ்வளவு சாப்பிட்டாலும் அது பிஞ்ச் இல்லை. கல்யாணப் பந்தியில் ஒரு பிடி பிடிப்பது, பக்ரீத் பிரியாணியை மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு மதியம் பூராவும் உருண்டுகொண்டிருப்பது, தீபாவளிக்கு முறுக்கு டின்னைக் காலி செய்வது இவையெல்லாம் நோயில் சேராது. சந்தோஷமாக, நாலு பேரோடு சேர்ந்து, வெட்கப்படாமல் சாப்பிட்டது அது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959லேயே உடல்பருமன் உள்ளவர்களில் சிலர் இப்படிச் சாப்பிடுவதை எழுதிவிட்டார். ஆனால் மனநல நோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்மில் 1994 பதிப்பில் இது பின்னிணைப்பில், ‘மேலும் ஆராய வேண்டியவை’ பட்டியலில்தான் கிடந்தது. தனி நோயாக ஏற்றது 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது, அதிலும் தனி இடம் உண்டு. கவனிக்காமல் விட்ட அளவுக்கு இது அரிதானதும் அல்ல. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்தக் கோளாறு வந்த பெண்கள் 3.5 சதவீதம், ஆண்கள் 2 சதவீதம். பட்டினி கிடக்கும் அனரெக்ஸியா பெண்களில் 0.9, சாப்பிட்டு வாந்தி எடுக்கும் புலிமியா 1.5. அதிகம் பேசப்பட்ட அந்த இரண்டையும் கூட்டினாலும் இதற்குக் கீழேதான் வருகிறது. ஆண்களின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். ‘நல்லா சாப்பிடுற பையன்’ என்ற பாராட்டுக்குப் பின்னால் இது எளிதாக ஒளிந்துகொள்ளும்.

இனி, ஏன் வருகிறது? ஒற்றைக் காரணம் கிடையாது. உங்கள் விஷயத்தில் எதில் தொடங்குவது என்று கேட்டால், பட்டினியில் தொடங்குவேன்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு மறுபடி எப்படி உணவு கொடுப்பது என்று அறிவதுதான் நோக்கம். போருக்குப் போக மறுத்த, உடலும் மனமும் நல்ல நிலையில் இருந்த 36 இளைஞர்கள் தாங்களே முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் மாதிரியான சாப்பாடு. எடையில் நாலில் ஒரு பங்கு போயிற்று. எடை போனதைவிட, அவர்கள் மனம் போன போக்குதான் இங்கே முக்கியம். சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். பேச்சு, கனவு எல்லாமே சாப்பாடாயிற்று. கட்டுப்பாடு நீங்கிய பிறகு சிலர் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கலோரி சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்றார்கள். வயிறு நிறைந்தாலும் அது நிறைந்ததாகப் படவில்லை. எடை திரும்பிய பின்னும் சிலருக்கு மாதக்கணக்கில் இது நீடித்தது. முன்பு எந்த உணவுக் கோளாறும் இல்லாதவர்கள் இவர்கள்.

நீங்கள் வைத்திருக்கும் ஆப் உங்களுக்கு 1,200 கலோரி கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உடலளவு, உழைப்பு எல்லாம் வேறுதான், ஒப்பிடுவது முழுக்கச் சரியல்ல. இருந்தாலும், உலகப் போர்க்காலப் பட்டினிச் சோதனையில் கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணை ஒரு கைப்பேசி, யாரும் கூட இருந்து கவனிக்காமல், உங்களுக்கு விதிக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பட்டினி உடலைத் தூண்டுவது ஒரு பக்கம். டயட் விதிகள் மனத்தில் செய்வது வேறு. 1975இல் ஹெர்மன், மாக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரிப் பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு, ஐஸ்க்ரீமை ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்க்ரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் டயட்டைப் பற்றியே நினைக்கிறவர்கள் தலைகீழ்: மில்க்‌ஷேக் குடித்தவர்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள். விதி ஏற்கெனவே மீறியாயிற்று; வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? ஒரு பிஸ்கட்டில் தொடங்கி பாக்கெட் முடியும்வரை போகிற உங்கள் இரவு இதுதான். “நாளைக்குத் திங்கட்கிழமை, புதிதாக ஆரம்பித்துவிடலாம்” என்ற நினைப்பு அந்த இரவுக்கு இன்னும் அனுமதி கொடுக்கிறது. மறுநாள் குற்ற உணர்வில் காலைச் சாப்பாட்டை விடுகிறீர்கள், அடுத்த பிஞ்சுக்கு அடுப்பு மூட்டியாயிற்று.

ஆனால் எல்லாருக்கும் டயட்தான் காரணம் என்று எழுதிவிட்டால் அது பொய். புலிமியாவில் டயட் முன்னால் வருவதுதான் வழக்கம். பிஞ்ச் கோளாறில் கணிசமானவர்கள் வாழ்க்கையில் முதல் டயட்டுக்கு முன்பே, சிறு வயதிலேயே, இப்படிச் சாப்பிடத் தொடங்கியிருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் சாப்பாட்டைவிட வீட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். கோபம், பயம், தனிமை, அவமானம் இவற்றை எப்படிக் கையாள்வது என்று யாரும் சொல்லித்தராத ஒரு குழந்தைக்குச் சர்க்கரை டப்பா எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. சாப்பிடும் அந்த இருபது நிமிடம் மனம் மரத்துப்போகிறது. தன்னைப் பற்றிய நினைப்பிலிருந்து கொஞ்ச நேரம் தப்பித்துக்கொள்வதற்கான வழி அது. தற்காலிகமாக வேலையும் செய்கிறது, அதனால்தான் பழக்கமாகிறது.

சிறு வயதில் உடல், மன, பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. உடம்பைக் கேலி செய்வதும் சின்ன விஷயமில்லை. நம் ஊரில் அது பாசத்தின் பெயரால் நடக்கிறது. விசேஷ வீட்டில் அத்தை கன்னத்தைக் கிள்ளி “என்னடி இப்படிப் பூசணிக்காயா ஊதிட்டே” என்பாள். அடுத்த நிமிடமே அதே அத்தை இலையில் இன்னொரு ஜாங்கிரி வைத்து, “சாப்பிடு, இளைச்சுப் போயிட்டே” என்பாள். இரண்டையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும்.

மரபணுவுக்கும் பங்குண்டு. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், யாருக்கு வரும் என்பதில் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை மரபு விளக்குகிறது என்கின்றன. சிலருடைய மூளையில் உணவு தரும் தூண்டல் பலமாக இருக்கிறது, ‘போதும்’ என்று நிறுத்துகிற பிடி தளர்வாக இருக்கிறது. கவனக்குறைவும் துடிதுடிப்பும் கொண்ட ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் பிஞ்ச் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மனச்சோர்வும் பதற்றமும் பெரும்பாலும் கூடவே வரும். முன்பு சொன்ன 2007 ஆய்வில் பிஞ்ச் கோளாறு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு வாழ்நாளில் வேறொரு மனநலப் பிரச்சினையும் இருந்தது. நீங்கள் பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது உள்ள பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அதோடு, ‘எடையைக் குறைத்தால்தான் சரியாகும்’ என்று ஒவ்வொரு செக்கப்பிலும் அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த அழுத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மருத்துவர் எப்படி முடிவு செய்கிறார் என்று பார்ப்போம். டிஎஸ்எம்-5 கேட்பது இது: ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள், உதாரணமாக இரண்டு மணி நேரத்துக்குள், அதே சூழலில் பெரும்பாலானவர்கள் சாப்பிடுவதைவிட நிச்சயமாக அதிகம் சாப்பிட்டிருக்க வேண்டும். அப்போது கட்டுப்பாடு கைவிட்டுப் போயிருக்க வேண்டும். வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிடுவது, வயிறு சங்கடப்படும்வரை சாப்பிடுவது, பசியில்லாமல் நிறையச் சாப்பிடுவது, வெட்கத்தால் தனியாகச் சாப்பிடுவது, முடிந்ததும் தன்மேலேயே அருவருப்போ குற்ற உணர்வோ சோர்வோ வருவது என்ற ஐந்தில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். இதனால் கணிசமான மனவேதனை இருக்க வேண்டும். சராசரியாக வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம். பழைய அளவுகோல் வாரம் இரண்டு நாள், ஆறு மாதம் என்று இருந்தது, 2013இல் தளர்த்தினார்கள். கடைசியாக, சாப்பிட்டதை ஈடுகட்ட வாந்தி, பேதி மாத்திரை, வெறித்தனமான உடற்பயிற்சி போன்றவை வழக்கமாக இருக்கக் கூடாது. இருந்தால் அது புலிமியா பக்கம் போகும்.

பட்டியலாகப் படித்தால் எளிதாகத் தெரியும். நடைமுறையில் இடறுவது ‘நிச்சயமாக அதிகம்’ என்ற இடத்தில். அளவுச் சாப்பாடு போக, அளவில்லாச் சாப்பாடு என்று போர்டு மாட்டும் ஊரில் எது அதிகம்? வயலில் வேலை செய்துவிட்டு வருகிறவர் சாதாரணமாகச் சாப்பிடும் சோறு, கணினி முன்னால் உட்காருகிறவருக்குப் பிஞ்ச் அளவாகத் தெரியும். ஐசிடி-11 இதில் கொஞ்சம் நெகிழ்வாக இருக்கிறது. வழக்கத்தைவிடக் குறிப்பிடும்படி அதிகமாகவோ வேறு மாதிரியாகவோ சாப்பிட்டு, நிறுத்த முடியாமல் போயிருந்தால் போதும், தட்டை எடைபோட வேண்டியதில்லை. நம் ஊருக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. அளவைவிட நான் கவனமாகக் கேட்பது வேறு. “அந்த நேரம் யாராவது சமையலறைக்குள் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” “காலி கவரை எங்கே போட்டீர்கள்?” குப்பைக்கூடையில் அடியில் தள்ளி மேலே செய்தித்தாளை வைத்து மூடினேன் என்கிற பதிலில் எனக்குத் தேவையானது பாதி வந்துவிடும்.

இன்னொன்று, மேலே சொன்ன அளவுகோலில் எடை எங்கேயும் இல்லை. ஒல்லியாக இருப்பவருக்கும் வரும். பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு இது கிடையாது. ஆளைப் பார்த்து முடிவு செய்வதால் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது.

கடுமையை வாரக் கணக்கில் பிரிக்கிறார்கள். ஒன்று முதல் மூன்று முறை என்றால் லேசானது, 4-7 நடுத்தரம், 8-13 கடுமை, 14உம் அதற்கு மேலும் மிகக் கடுமை. உங்கள் எண்ணிக்கை ‘லேசானது’ என்ற பெட்டியில் விழுகிறது; அதைப் பார்த்து ஆறுதலும் வேண்டாம், கோபமும் வேண்டாம். வேலை, உறவு, தூக்கம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை வைத்து மருத்துவர் அதைக் கூட்டிப் போடலாம். எழுத்தை மட்டும் வைத்து நான் உங்களுக்கு நோய்ப்பெயர் சூட்டவும் முடியாது. நேரில் பார்த்து விசாரிக்க வேண்டிய அளவுக்கு எல்லாம் பொருந்துகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வேறு எதையெல்லாம் தள்ள வேண்டும்? மருந்துகளை முதலில் கேட்போம். ஸ்டீராய்டு, மனநலத்துக்குக் கொடுக்கும் ஓலன்சபின், குளோசபின், மிர்டாசபின் எல்லாம் பசியைக் கிளப்பும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அடங்காமல் சாப்பிட வைப்பதுண்டு. தூக்கத்துக்கு சோல்பிடெம் சாப்பிடுகிறவர்கள் பாதித் தூக்கத்தில் எழுந்து சாப்பிட்டுவிட்டு, காலையில் நினைவே இல்லாமல் விழிப்பதும் உண்டு. இரவு உண்ணல் என்று வேறொரு கோளாறு இருக்கிறது. அதில் ஒரே வீச்சாக இல்லாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் நடுராத்திரி விழித்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், சாப்பிட்டால்தான் தூக்கம் வரும் என்ற நம்பிக்கையும் இருக்கும். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வருகிற பசியும் வேறு. மனச்சோர்வில் ஒரு வகை பசியையும் தூக்கத்தையும் கூட்டிவிடும்.

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் மறுக்க வேண்டாம். நோயைக் கண்டுபிடிக்க அல்ல, நோய் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க அது உதவும்: சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, கல்லீரல். கூடவே ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

சிகிச்சையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனவே இரண்டு வரி. பேச்சு சிகிச்சையில், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி எனும் முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு முதலில் வழிநடத்தப்பட்ட சுயஉதவித் திட்டத்தையே பரிந்துரைக்கிறது. மருந்தில், லிஸ்டெக்ஸாம்பெட்டமினுக்கு அமெரிக்கா 2015இல் ஒப்புதல் தந்தது. மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாத வகை அது. இந்தச் சிகிச்சைகளின் முதல் படியைக் கேட்டால் உங்களுக்குப் பயமாக இருக்கும்: மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, இடைவெளி நாலு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. முந்தின இரவு பிஞ்ச் ஆகியிருந்தாலும் காலையில் இட்லி உண்டு. ஏறிய எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பகல்நேரப் பட்டினி போக வேண்டும். எடைக் குறைப்பே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. மருத்துவர் கூடவே இருந்து நடத்தும் எடைக் குறைப்புத் திட்டத்தால் பிஞ்ச் கூடுவதாகத் தெரியவில்லை. ஆபத்து, தன்னந்தனியாகப் பட்டினி கிடப்பதில்.

கணவரிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். கூடவே, டப்பாக்களைப் பூட்டி வைக்க வேண்டாம், தட்டை எட்டிப் பார்க்க வேண்டாம், இரவு பத்து மணிக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்பதையும் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் தள்ளிப்போட வேண்டாம், அன்றே யாரையாவது கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மனநல மருத்துவரிடம் போகும்போது ஒரு நோட்டில் இரண்டு வாரக் குறிப்பு எடுத்துக்கொண்டு போங்கள். கலோரி எழுத வேண்டாம். எத்தனை மணிக்கு, என்ன, எங்கே நின்று, அதற்கு முன் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, மனம் எப்படி இருந்தது, அவ்வளவுதான். ஓபியில் கிடைப்பது ஐந்து நிமிடமாக இருக்கலாம். “எடை குறைய மாட்டேங்குது டாக்டர்” என்று ஆரம்பித்தால் கையில் இன்னொரு டயட் சார்ட்டோடுதான் வெளியே வருவீர்கள். “வாரத்தில் மூன்று நாள் நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறேன், வாந்தி எடுப்பதில்லை, ஐந்து மாதமாகிறது” என்று ஆரம்பியுங்கள்.